ஈரப் பாலம், இன்னார் வழி

ரேடியோவின் கம்பி எட்டவில்லை. சமையலறைச் சுவரிலிருந்து பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்த பெட்டியை எங்கே இறக்குவது என்று தெரியாமல் இங்கரித் மாமனாரின் அறை நடுவில் நின்றாள். பிளக் சொருகும் இடம் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், அதுவும் துணி அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அலமாரியோ அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இம்மி அசைந்ததில்லை.

"ஜன்னல் மேடையில வை," என்றார் தோர்கிரிம். அதைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கியது. "அலமாரிய நகத்து."

"நகத்துறேன் மாமா. நீங்க பேசாம இருங்க."

"பேசாம இருக்கத்தான் போறேன். கொஞ்சம் பொறு."

இப்படிப் பேசுகிற மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கரித் பெட்டியை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு அலமாரிக்குத் தோள் கொடுத்துத் தள்ளினாள். அது முனகிக்கொண்டு நகர்ந்தது. பின்னால் ஒரு கை தூசியும், மாமியார் எப்போதோ தொலைத்த சீப்பும் கிடந்தன. சீப்பை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு பிளக்கைச் சொருகினாள். ரேடியோவின் பச்சை விளக்கு மெல்ல எரிந்தது.

அந்த வீட்டில் ரேடியோ செய்திக்கும், வானிலைக்கும், ஞாயிறு ஆராதனைக்கும்தான். லண்டனில் நடந்த பாட்டுப் போட்டிக்கு நோர்வேயிலிருந்து முதல் தடவையாக ஒருத்தி போய்ப் பாடி நாலாவதாக வந்த வருஷம் அது. பால் வண்டிக்குக் கேன்களைக் கொண்டுபோய் வைக்கிற மேடையில் நாலு பேர் நின்றால் அதே பேச்சு. ரேடியோவில் வாரத்துக்கு அரை மணி நேரம் கிராமத்துப் பிடிலுக்கும் ஒதுக்கியிருந்தார்கள். பூனை வாலை மிதிக்கிற சத்தத்துக்கு நாங்கள் எதற்குக் காசு கட்டவேண்டும் என்று பட்டணத்துக்காரர்கள் பத்திரிகைக்கு எழுதித் தள்ளினார்கள். தோர்கிரிம் அப்படியெல்லாம் வாயைத் திறக்கமாட்டார். பிடில் சத்தம் வந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். பெரும்பாலும் அந்த அரை மணியில் வாசிப்பது அவருடைய சொந்த மகன், இங்கரித்தின் புருஷன் ஹால்வாராக இருக்கும்.

இன்று அவரே ரேடியோவைக் கேட்டார். காலையில் டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இங்கரித்தை வெளியே கூப்பிட்டு, இன்றைக்குத் தாண்டாது, மகனுக்குச் சொல்வதானால் இப்போதே சொல்லிவிடு என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பெரியவருக்குக் காது மட்டும் கெட்டியாக இருந்தது. "அவனைக் கூப்பிடக் கூடாது," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வியாழக்கிழமை ஹால்வார் மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு, வருஷாந்திர பிடில் போட்டிக்குக் கிளம்பியபோது இதே மனுஷன் எழுந்து உட்கார்ந்து கஞ்சியில் உப்பு போதவில்லை என்று சண்டை போட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு திணற ஆரம்பித்தது.

"எத்தனை மணிக்கு வாசிக்கிறான்?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கு மேலன்னு பேப்பர்ல போட்டிருக்கு மாமா."

"யார் பேரச் சொல்லுவான்?"

இங்கரித் கம்பியைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டாள். இந்தக் கேள்வியை இந்த வீட்டில் யாரும் இதுவரை கேட்டதில்லை.

இந்தப் பக்கத்தில் பிடிலைத் தோளில் வைக்கிறவன் வில்லைத் தொடுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெட்டின் பெயர், அது யார் வழி வந்தது என்பது. போட்டி மேடையானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி. சொல்லாமல் வாசித்தால் திருட்டுப் பயல் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். பெற்றவன் பெயரைவிட இந்தப் பெயருக்கு மதிப்பு அதிகம். ஹால்வார் பதினேழு வயதில் முதல் மேடை ஏறியதிலிருந்து ஒரே பெயரைத்தான் சொல்லிவந்தான்: ஆற்றுக்கு அக்கரையில் அவனுக்குக் கற்றுக்கொடுத்த ஆஸ்லாக் நூர்கார்டன் வழி. ஆஸ்லாக் செத்து வருஷங்கள் ஆகியும் அந்தப் பெயர் மாறவில்லை.

அதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். ஹால்வாருக்குப் பத்து வயதிருக்கும்போது கரையோரத்திலிருந்து ஒரு போதகர் வந்து ஜெபவீட்டில் ஒரு வாரம் கூட்டம் நடத்தினார். அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோர்கிரிம்போல் வாசிக்க ஆள் இல்லை என்று பேர் இருந்த காலம் அது. அவர் வராமல் கல்யாணமே நடக்காது. கடைசி நாள் கூட்டத்தில் அவர் எல்லார் முன்பும் முழங்கால் போட்டார். வீட்டுக்கு வந்தார். சிப்பி பதித்த பிடிலை எடுத்து அடுப்பில் வைத்தார். அதோடு நின்றிருந்தால் மகன் என்றைக்காவது மன்னித்திருப்பான். பெஞ்சுக்கு அடியிலிருந்த பையனுடைய சின்னப் பிடிலையும் இழுத்தெடுத்து அதன் மேலேயே போட்டார். காப்பி கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை, எரிந்துவிட்டது என்று ஹால்வார் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை மனைவியிடம் சொன்னான். அன்றிலிருந்து அப்பனும் மகனும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே நிலத்தில் புல் அறுத்தார்கள், மழை வருமா வராதா என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கேட்டது காதுல விழலையா?" என்றார் தோர்கிரிம்.

"விழுந்துச்சு. ஆஸ்லாக் வழின்னுதான் சொல்லுவான். வேற யாரச் சொல்லுவான்?"

"என்ன மெட்டு?"

"ஈரப் பாலம்."

பெரியவர் கண்ணை உத்திரத்துக்குத் திருப்பினார். "அது ஆஸ்லாக்கோடது இல்ல," என்றார். "மேல காட்டுல மரம் வெட்டப் போனப்ப ஒரு கிழவன்கிட்ட நான் வாங்கினது. குளிர்காலம் பூரா அந்தாளுக்குச் சமைச்சுப் போட்டு, அவன் துணியத் தொவச்சுக் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். ஆஸ்லாக் என்கிட்ட வாங்கினான்."

இங்கரித்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இத ஏன் மாமா இத்தன நாளா சொல்லல?"

"எந்த வாயால சொல்றது? சாத்தானோட சாமான்னு அடுப்புல வெச்சவன், அந்தச் சாமான்ல வந்த மெட்டு என்னுதுன்னு போய் நிப்பனா?" இருமல் வந்தது. அவள் தலையைத் தாங்கிக்கொண்டாள். இருமல் அடங்கியதும் அவரே தொடர்ந்தார். "எரிச்சது தப்புன்னு சொல்ல மாட்டேன். எனக்கு அப்ப அதுதான் சரின்னு பட்டுச்சு. ஆனா சின்னத எரிச்சிருக்க வேணாம்."

அவள் அவர் தலையைத் தலையணையில் வைத்தாள். பிறகு எழுந்தாள். "நான் போன் போடறேன். வாசிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

"வேணாம்."

"மாமா, ஒரே ஒரு வார்த்தை."

"அப்பன் சாகக் கெடக்கான்னு கேட்டா சொல்லுவான். ஏன் சொல்ல மாட்டான்? பிச்சை போடற மாதிரி போடுவான். அது எனக்கு எதுக்கு? தானா அவன் வாயில வந்தா வரட்டும். வரலேன்னா போகட்டும்." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலைமையிலும் பிடி இரும்பாக இருந்தது. "கூப்பிட மாட்டேன்னு சொல்லு."

"கூப்பிடல," என்றாள் இங்கரித். பொய்தான் சொன்னாள்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. ஜெபவீட்டு ஸ்வைனுங் தொப்பியைக் கையிலும் ஞானப்பாட்டுப் புத்தகத்தை அக்குளிலும் வைத்துக்கொண்டு வந்து நின்றார். தோர்கிரிமுடன் அதே கூட்டத்தில் அதே நாளில் முழங்கால் போட்டவர். ஊரில் யார் படுத்தாலும் முதலில் வந்து நிற்கிற ஆள். அவர் வந்தால் டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம்.

"சகோதரர் எப்படி இருக்காரு?" என்று கேட்டபடியே உள்ளே வந்தவரின் கண் ஜன்னல் மேடைக்குப் போயிற்று. "ரேடியோ எதுக்கு இங்க?"

"அவருகிட்டயே கேளுங்க," என்று சொல்லிவிட்டு இங்கரித் நடைக்கு நழுவினாள்.

டெலிபோன் நடைச் சுவரில், கோட்டு மாட்டுகிற ஆணிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் கைப்பிடியைச் சுற்றினாள். எக்ஸ்சேஞ்சில் பிர்கித் எடுத்தாள். பள்ளத்தாக்கில் யார் வீட்டில் என்ன வேகிறது என்பதுவரை அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

"இங்கரித்தா? பெரியவர் எப்படி இருக்காரு? டாக்டர் வண்டி போறப்ப பாத்தேன், முகமே சரியில்ல. ஹால்வாருக்குச் சொல்லியாச்சா?"

"அதுக்குத்தான் பிர்கித். போட்டி நடக்கற ஹாலுக்கு லைன் கொடு. சீக்கிரம்."

"ரேடியோக்காரங்க வந்து எல்லா லைனையும் பிடிச்சு வெச்சிருக்கானுங்க. இரு, அந்த ஊர் எக்ஸ்சேஞ்சுல என் நாத்தனாதான் உக்காந்திருக்கா. அவள ஒரு வழி பண்றேன்."

கிர்ரென்ற சத்தம், யாரோ யாரையோ அதட்டும் சத்தம், மறுபடி கிர். உள்ளே ஸ்வைனுங் தாழ்ந்த குரலில் ஏதோ வாசிக்க ஆரம்பித்திருந்தார். இங்கரித் ஒரு காதை உள்ளேயும் ஒரு காதைக் குழாயிலும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரு?" என்றது ஒரு ஆண் குரல். ஹாலின் காவலாளி. "ஹால்வார் லீயா? பக்கத்து ரூம்லதான் தந்தி முறுக்கிக்கிட்டு இருக்காரு. அடுத்த ஆளுக்கு அடுத்தது அவரு. கூப்பிடவா?"

அவனுக்குப் பின்னால் ஏழெட்டு பிடில்கள் ஒரே சமயத்தில் சுதி சேர்ந்துகொண்டிருந்தன. அந்தக் கூச்சலுக்குள்ளே ஒன்றை அவள் காது தனியாகப் பிரித்தது. மேல் தந்திகளை முடித்துவிட்டு, அவற்றுக்கு அடியில் ஓடும், வில் படாமலே கூட ஒலிக்கும் மெல்லிய தந்திகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டி, கடைசித் தந்தியை மட்டும் இரண்டு தடவை சுண்டுவது ஹால்வாரின் பழக்கம். இவ்வளவு வருஷமாக நிலத்தடி அறையில் அவன் சுண்டுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். அவன் நாலடி தூரத்தில் இருந்தான். வந்து குழாயை வாங்கினால் போதும், அவள் குரலிலேயே அவனுக்குப் புரிந்துவிடும்.

பிறகு? பிடிலைப் பெட்டியில் போட்டு மூடிக்கொண்டு ஓடிவருவான். இல்லையென்றால் மேடையேறி அப்பா பெயரைச் சொல்வான், அவள் சொல்லிக்கொடுத்த மாதிரி. கட்டிலில் கிடக்கிற மனுஷனுக்கு அது தெரியாமலா போகும்? மகன் வாயில் மருமகள் வார்த்தை. உள்ளேயிருந்து தோர்கிரிமின் இருமல் கேட்டது. அவர் பிடித்த இடத்தில் கை இன்னும் வலித்தது.

"என்னம்மா, கூப்பிடவா வேணாமா? இங்க எனக்கு ஆயிரம் வேலை."

"வேணாம்," என்றாள் இங்கரித். "கூப்பிடாதீங்க."

"அப்புறம் எதுக்குப் போன் போட்டீங்க?"

"நல்லா வாசிக்கச் சொன்னேன்னு சொல்லுங்க."

"அதத்தான் எல்லாப் பொண்டாட்டியும் சொல்றாங்க," என்று அவன் வைத்துவிட்டான்.

பிர்கித் வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. "இங்கரித், நீ பண்றது எனக்குச் சரியாப் படல."

"எனக்கும் படல. லைன வை, பிர்கித்."

அவள் அறைக்குத் திரும்பியபோது ஸ்வைனுங் புத்தகத்தை மூடிவிட்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். விஷயம் அதற்குள் வெளியே வந்திருந்தது. "கர்த்தர்கிட்ட போற நேரத்துல ஆட்டப் பாட்டைக் கேக்கணுமா சகோதரரே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பயந்துபோய்க் கேட்டார்.

"கர்த்தருக்கும் காது இருக்கு ஸ்வைனுங். இருக்கறதுன்னா இரு, இல்லேன்னா வாசல் தெரியும்," என்றார் தோர்கிரிம்.

ஸ்வைனுங் போகவில்லை. புத்தகத்தை முழங்கால்மேல் நிறுத்திவைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இங்கரித் குமிழைத் திருகினாள். பட்டணத்து உச்சரிப்பில் அறிவிப்பாளர் மண்டபத்தை வர்ணித்துக்கொண்டிருந்தான். எவனோ ஒருவன் வாசித்து முடித்து, கைதட்டல் வந்து, அதுவும் முடிந்தது. நாற்காலி இழுபடும் சத்தம். லீ வீட்டு ஹால்வார் என்றான் அறிவிப்பாளர். தோர்கிரிம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. இங்கரித் அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்தாள். பஞ்சுபோல இருந்தார். அவர் இதயம் அடிப்பது அவள் கைக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள். கர்த்தரிடம் கெஞ்சினாளா, ஹால்வாரிடம் கெஞ்சினாளா என்று அவளுக்கே தெரியாது.

தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் சத்தம் வந்தது. பிறகு ஹால்வாரின் குரல், மேடைக்கென்று வைத்திருக்கும் அந்தத் தட்டையான குரல்.

"ஈரப் பாலம். ஆஸ்லாக் நூர்கார்டன் வழி."

தோர்கிரிம் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் எதுவும் மாறவில்லை, வெறுமனே மூடிக்கொண்டார். இங்கரித்துக்கு அந்த நிமிஷம் புருஷன்மேல் வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. ரேடியோவைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம்போல இருந்தது. போனில் கூப்பிட்டுத் தொலைத்திருக்கலாமே என்று தன்மேலும் ஆத்திரம் வந்தது. அதற்குள் வில் தந்தியில் விழுந்துவிட்டது.

ஈரப் பாலம் கல்யாண ஊர்வலத்துக்கு உண்டான நடை. மழையில் நனைந்த மரப்பாலத்தில் குதிரைகளை ஒவ்வொன்றாக நடத்திக் கொண்டுபோகிறமாதிரி தயங்கித் தயங்கிப் போகும். இங்கரித் இதை நூறு தடவை கேட்டிருக்கிறாள். இன்று காதில் ஏறவில்லை. பெரியவரின் மூச்சையே எண்ணாத குறையாகக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சுற்றில் மெட்டு மேலே ஏறி ஒரு இடத்தில் நின்று நடுங்கியது. தோர்கிரிம் கண்ணைத் திறந்தார்.

"இந்த இடம்," என்றார்.

"என்ன மாமா?"

"பேசாத."

அந்த இடம் மறுபடி வந்தது. மறுபடி மேலே ஏறி, நின்று, நடுங்கி, இறங்கியது. தோர்கிரிமின் வாய் கோணியது. அவர் சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த முகத்தில் அவள் சிரிப்பைப் பார்த்துப் பழக்கமில்லை.

"சுண்டு விரல்," என்றார். "அந்த இடத்துக்குச் சுண்டு விரல் வேணும். ஆஸ்லாக்குக்கு இடது கை சுண்டு விரல் மடங்காது. மர அறுவை ஆலையில போனது. அவன் அந்த இடத்தைத் தாண்டிக் குதிச்சுப் போயிருவான். சாகறவரைக்கும் குதிச்சுத்தான் போனான்."

"அப்ப ஹால்வார் யார்கிட்ட…"

"மேசைக்கு அடியில உக்காந்திருப்பான். நாலு வயசிருக்கும். நான் வாசிக்கறப்ப என் கால்ல சாஞ்சுக்கிட்டு." மூச்சு நின்று நின்று வந்தது. "தூங்கறான்னு நெனச்சேன். அது என்னுது இங்கரித். அந்த இடம் என்னுது."

ஸ்வைனுங் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய பூட்ஸின் முனை தரையில் லேசாக அசைந்துகொண்டிருந்ததை இங்கரித் பார்த்தாள். அவர் அதைக் கவனித்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்.

மெட்டு முடிந்து கைதட்டல் விழுந்தது. "அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் தோர்கிரிம். கைதட்டலில் அவர் குரல் எழும்பவில்லை. அவள் குனிந்து, எனக்குத் தெரியல மாமா, அவன் என்கிட்டகூடச் சொன்னதில்ல என்றாள். அவர் தலையை அசைத்தார். ஆமாம் என்றா இல்லை என்றா, அவளால் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு வேறு ஊர்க்காரன் ஒருவன் வந்து குதித்துக் குதித்து எதையோ வாசித்தான். மட்டமான வாசிப்பு. அதன் நடுவில்தான் தோர்கிரிம் போனார். முதலில் கவனித்தது ஸ்வைனுங். எழுந்து வந்து பெரியவரின் கையைப் பிடித்துப் பார்த்து, மெல்ல வைத்தார். இங்கரித் ரேடியோவை நிறுத்த எழுந்தாள்.

"இருக்கட்டும்," என்றார் ஸ்வைனுங். "இப்ப வாசிக்கற பையன் முடிச்சிரட்டும்." அவருக்கு அழுகை வந்துவிட்டது. "ஈரப் பாலத்த என் கல்யாணத்துல இவர்தான் வாசிச்சாரு. நான் மறந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

போன உயிருக்கு வழிவிட ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். கண்ணை மூடிவிட்டு, வாய் திறந்துகொள்ளாமல் இருக்க மோவாய்க்கு அடியில் ஸ்வைனுங் தன்னுடைய ஞானப்பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். இங்கரித் நடைக்குப் போய்க் கைப்பிடியைச் சுற்றினாள். பிர்கித் எதுவும் கேட்கவில்லை. "இப்பவாவது கூப்பிடுவல்ல," என்று மட்டும் சொல்லி லைனைக் கொடுத்தாள்.

ஹால்வார் வந்து குழாயை எடுத்ததும், "எப்போ?" என்றான். யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது.

"நீ முடிச்ச கொஞ்ச நேரத்துல."

பிடில் பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ரேடியோ போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன்."

"அவரு காதுல விழற மாதிரியா?"

"அவருதான் போடச் சொன்னாரு ஹால்வார். பெட்டிய அவரு ரூமுக்கே கொண்டுவரச் சொன்னாரு."

அந்தப் பக்கம் யாரோ சிரித்துக்கொண்டே கடந்துபோனார்கள். பிடில்கள் கத்தின. "வரேன்," என்று வைத்தான். போட்டி முடிவு சொல்லும்வரைகூட நிற்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

யாரோ காரில் கொண்டுவந்து விட்டார்கள். இறங்கும்போது சாயங்காலம் நன்றாகச் சாய்ந்திருந்தும் கோடை வெயில் மலை உச்சியைவிட்டுப் போகவில்லை. ஹால்வார் மேடைக்குப் போட்ட வெள்ளிப் பொத்தான் சட்டையோடு, பிடில் பெட்டியைக் கையில் பிடித்தபடி நேரே சமையலறைக்கு வந்தான். அப்பா அறைக் கதவைப் பார்த்தான், போகவில்லை. அடுப்போரமாகக் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த ஸ்வைனுங்குக்குத் தலையசைத்தான்.

"நீ போன் போட்டிருந்த," என்றான் மனைவியிடம். "மேடையேறப் போறப்ப அந்தக் காவலாளி சொன்னான். உன் பொண்டாட்டி நல்லா வாசிக்கச் சொன்னான்னு. நீ ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. எனக்கு அப்பவே என்னமோ மாதிரி ஆச்சு."

"ஆமா, போட்டேன்."

"நான் பக்கத்து ரூம்ல இருந்தேன் இங்கரித்."

"தெரியும். நீ தந்தி சுண்டறது கேட்டுச்சு."

"கேட்டுச்சா?" அவன் குரல் உயர்ந்தது. "கேட்டும் கூப்பிடலையா? நீ யாரு அத முடிவு பண்றதுக்கு? சொல்லியிருந்தா நான் அவரு பேரச் சொல்லியிருப்பேன்ல?"

"அதத்தான் அவரு வேணாம்னாரு. சொல்லிக் கொடுத்து வர்றது வேணாமாம். பிச்சை வேணாமாம்." அவளும் குரலை உயர்த்தினாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கியது. "நீ பெரிய இவன் மாதிரி கேக்கறியே, தானா ஒரு தடவ சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? அது அவரோட மெட்டுடா. ஆஸ்லாக் அவருகிட்டதான் வாங்கினான். அந்தச் சுண்டு விரல் இடம் ஆஸ்லாக்கால வாசிக்கவே முடியாதாம். அது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றான் ஹால்வார்.

"எப்ப இருந்து?" என்றாள் இங்கரித்.

"பதினஞ்சு வயசுல இருந்து தெரியும். ஆஸ்லாக்கே சொன்னான். இந்த இடம் உனக்கு என்கிட்ட கெடைக்காது, உங்கப்பன்கிட்டதான் இருக்கு, போய்க் கேளுன்னான். நான் போய்க் கேப்பனா? வீட்டுக்கு வந்து வைக்கோல் மேல உக்காந்து வெறும் கையில விரலை வெச்சுப் பாத்தேன். அதுவா வந்துச்சு. நான் எங்கயும் கத்துக்கல, அதுவா வந்துச்சு." பிடில் பெட்டியை மேசைமேல் வைக்கப் போனவன் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டான். "அவரு என் பிடிலை எடுத்தாரு. நான் அவரு பேரை எடுத்துட்டேன். ஒவ்வொரு மேடையிலயும் வேணும்னேதான் எடுத்தேன். அவருக்கு உறைக்கவே இல்ல, கொட்டகைக்குப் போயிடறாரு, எதுவும் கேக்கறதில்லன்னு நெனச்சேன்." பெட்டியை மறு கைக்கு மாற்றினான். "பேரைக் கேட்டதும் என்ன பண்ணாரு?"

மென்மையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். இங்கரித்துக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. "கண்ணை மூடிக்கிட்டாரு," என்றாள்.

"அப்புறம்?"

"அந்த இடம் வந்ததும் தொறந்தாரு. சிரிச்சாரு. அது என்னுதுன்னாரு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு முன்னாடியே ஒண்ணு சொன்னாரு. சின்னத எரிச்சிருக்க வேணாம்னாரு."

ஹால்வார் அடுப்பைப் பார்த்தான். அதே அடுப்புதான். உள்ளே காப்பிக்காகப் போட்ட விறகு முறிந்து விழுந்தது. அவன் திரும்பி நடந்துபோய் அப்பாவின் அறைக் கதவைத் திறந்தான். பிடில் பெட்டியோடே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பெட்டியின் கொக்கிகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. ஸ்வைனுங் பாதி எழுந்தார். பிணம் கிடக்கிற அறை. நிலத்தடி அறையைத் தாண்டிப் பிடில் ஏறாத வீடு.

"உக்காருங்க," என்றாள் இங்கரித்.

அவர் உட்கார்ந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் ஹால்வார் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஈரப் பாலம்," என்றது அந்தத் தட்டையான மேடைக் குரல். கொஞ்சம் நின்றது. "தோர்கிரிம் லீ வழி."

இருவரும் காத்திருந்தார்கள். காப்பி பொங்கிவரப் பார்த்தது. இங்கரித் சத்தம் வராமல் கெட்டிலை அடுப்பிலிருந்து தூக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். வில் தந்தியில் விழவில்லை. வெகுநேரம் ஆகியும் விழவில்லை.